கிருமி தின்ற இரும்பு

அன்புள்ள ஐயா,
என் மகளுக்குப் பத்து நாளாகக் காய்ச்சல். ரத்தப் பரிசோதனையில் இரும்பு குறைவு என்று வந்தது. கிருமிகள் தாக்கி, இரும்பைத் தின்றுவிட்டனவா? வீட்டில் இருந்த இரும்பு மாத்திரையைக் கொடுத்து வருகிறேன். பட்டினி போட்டால் கிருமியும் பட்டினி கிடக்குமா?
க.

அன்புள்ள க.,

பத்து நாள் காய்ச்சல் என்றால் பக்கத்தில் இருப்பவருக்கும் தூக்கம் இருந்திருக்காது. நீங்களும் கொஞ்சம் படுத்து எழுந்திருங்கள். ஆனால் யாரைக் கேட்டு மாத்திரை கொடுத்தீர்கள்? நிறுத்திவிட்டு, இன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். தொற்று வந்தால் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கும். குடல் இரும்பை உள்ளே விடுவது குறையும். கிருமிகளை விழுங்கும் விழுங்கணுக்கள் தம்மிடம் இருக்கும் இரும்பை வெளியே விடாது. கிருமிக்கு எட்டக் கூடாதென்று உடம்பே எடுத்து ஒளித்து வைக்கிறது. அறிக்கையில் நீங்கள் பார்த்த குறைவு அதுவாக இருக்கலாம். பட்டினியெல்லாம் வேண்டாம், பசித்தால் சாப்பிடட்டும்.

அப்புறம், 'தாக்கி' என்கிறீர்கள். அந்தச் சொல் எனக்கு ஆகவே ஆகாது. கிருமிக்கு நம்மேல் என்ன பகை? அதற்குப் பசி, அவ்வளவுதான். மாணவனாக இருந்தபோது கிருமி வளர்க்கும் நீல நிற ஊடகத் தட்டில் கிருமியைப் புள்ளி புள்ளியாக வைத்தேன். 1987-இல் ஷ்வின், நீலண்ட்ஸ் என்ற ஆய்வாளர்கள் வெளியிட்ட முறை அது. ஊடகத்தில் கலந்த சாயத்தோடு இரும்பு பிணைந்திருப்பதால்தான் அந்த நீலம். பிறகு மூடியைத் திறந்தால் ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் ஆரஞ்சு வளையம். கிருமி இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு, சிடரோஃபோர் என்ற சிறு மூலக்கூறைக் கசியவிட்டு, சாயத்திடமிருந்து இரும்பைப் பிடுங்கியிருந்தது. தட்டைக் கீழே வைக்க மனமில்லாமல் நின்றேன்.

நம் ரத்தத்தில் டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் இரும்பை இறுக்கிப் பிடித்திருக்கும். அதனிடமிருந்தும் கிருமி இப்படித்தான் பிடுங்குகிறது. வெள்ளணுக்கள் சிடரோகேலின் என்ற புரதத்தால் அந்த மூலக்கூறையே வழிமறிக்கும். சால்மொனெல்லா என்ற கிருமி விடுமா? மூலக்கூறில் சர்க்கரையை ஒட்டி அனுப்புகிறது, பிடி நழுவிவிடும். ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி சிவப்பணுவையே உடைத்து, இரும்பு அடங்கிய ஹீமை எடுக்கும். காசநோய்க் கிருமிக்கு நம் கொழுப்பும் கொலஸ்ட்ராலும் சாப்பாடு. உண்ணி கடித்து வரும் லைம் நோயின் கிருமி இரும்பே வேண்டாமென்று மாங்கனீசில் காலம் தள்ளுகிறது.

இதையெல்லாம் பகை என்று பேசினால் கொல்வதைத் தவிர வேறு யோசனையே வராது. பசி என்று பார்த்தவர்களால்தான் செஃபிடெரோகால் வந்தது. இரும்பைப் பிடித்துக்கொண்டே போகும் ஆன்டிபயாடிக் அது. கிருமி இரும்புக்கு ஆசைப்பட்டுத் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். அமெரிக்காவில் 2019-இல் அனுமதி கிடைத்தது.

சரி, மருத்துவர் என்ன சொன்னார், மகளுக்குக் காய்ச்சல் விட்டதா என்று இரண்டு வரி எழுதுங்கள்.