ஸ்டேடியத்த நடத்துறதெல்லாம் ஒரு உத்தியோகமா?

கேள்வி (மதுரை வாசகர்): சார், என் பையன் ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்ட்தான் படிப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். மைதானத்த பாத்துக்கிட்டே பேர் எடுத்தவங்கன்னு யாராச்சும் இருக்காங்களா? அவங்களால ஊருக்குப் பிரயோஜனம் உண்டா?

பதில்: இருக்காங்க சார். எனக்கு டக்குனு ஞாபகம் வர்ற ஆளு ஹம்ப்பி வீலர். அமெரிக்காவுல நார்த் கரோலினால ஷார்லட் மோட்டார் ஸ்பீட்வேன்னு ஒன்றரை மைல் சுத்தளவுல ஒரு கார் ரேஸ் டிராக் இருக்கு, 1975ல ஓனர் புரூட்டன் ஸ்மித் கூப்பிட்டு அங்க போய் சேர்ந்தவரு 2008ல ரிட்டையர் ஆகுற வரைக்கும் அந்த டிராக்க நடத்தினார். 2025 ஆகஸ்ட்ல தன்னோட 86வது வயசுல காலமானார். ஹம்ப்பிங்கிறது பட்டப்பேரு. அவங்கப்பா காலேஜ்ல கேமல் சிகரெட் பிடிச்சு மாட்டிக்கிட்டாராம், ஒட்டகத்துக்கு திமில் (இங்கிலீஷ்ல ஹம்ப்) இருக்குல்ல, அந்த கிண்டல் அப்பாவோட நிக்காம மகன் மேலயும் ஒட்டிக்கிச்சு.

அங்க மே மாசம் நடக்கறது 600 மைல் ரேஸ், நாலு மணி நேரத்துக்கு மேல ஓடும். காசு குடுத்து வந்தவன் ரேஸ் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே அசந்து போகணும்ங்கிறது வீலரோட கணக்கு, அதனால வரிசையா நிறுத்துன கார்களுக்கு மேல ஸ்கூல் பஸ்ஸ தாண்ட விட்டார், ஹெலிகாப்டர் சிப்பாய்ங்கன்னு கொண்டு வந்து 1983ல அமெரிக்கா கிரெனடா தீவுல நடத்துன படையெடுப்பையே மைதானத்துல நடிச்சுக் காட்ட வச்சார் (நெஜமா ஆளுங்க செத்த சண்டைய வேடிக்கை ஆக்குனது எனக்குப் பிடிக்கல, அத சொல்லிடுறேன்). 1984ல டிராக்க பாத்த மாதிரி அபார்ட்மென்ட் கட்டி வித்தாங்க, ரேஸ் சத்தத்துல எவன் குடியிருப்பான்னு ஊரே சிரிச்சுது, ஆனா வித்துச்சு.

ஆனா அவரோட பெரிய வேலைன்னா நான் 1992 லைட்டத்தான் சொல்லுவேன். அவ்ளோ பெரிய ஓவல் டிராக்குல அதுக்கு முன்னாடி யாரும் லைட்டு போட்டு ராத்திரி ரேஸ் விட்டதில்ல. அவ்ளோ வேகத்துல வர்ற டிரைவர் கண்ணுல லைட்டு அடிச்சா கதை முடிஞ்சுது, சரி ஊடால கம்பம் நட்டா பாக்க வந்தவனுக்கு மறைக்கும். அதனால விளக்க தாழ வச்சு ஆயிரத்துக்கு மேல கண்ணாடி வச்சு வெளிச்சத்த டிராக்குல திருப்பி விட்டாங்க. அந்த முதல் ராத்திரி ஜெயிச்சது டேவி ஆலிசன், ஆனா கோட்ட தாண்டுற நேரத்துல கார் மோதி நொறுங்கி, ஜெயிச்ச ஆள ஆஸ்பத்திரிக்கு கொண்டு போனாங்க!

ஊருக்கு என்ன செஞ்சார்னா, சாரிட்டி ஃபண்டெல்லாம் ஓனர் 1982ல ஆரம்பிச்சது, அத வீலர் கணக்குல எழுத வேணாம். நான் பாக்கறது வேற. 1976ல ஜேனட் கத்ரின்னு ஒரு பொம்பள டிரைவர், இண்டியானாபோலிஸ் 500ங்கிற பெரிய கார் ரேஸ்ல எடம் கெடைக்கல, உடனே இவரு இங்க 600 மைல் ரேஸுக்கு வாங்கன்னு கூப்பிட்டுட்டார், கார வாங்கிக் குடுத்ததும் ஷார்லட்ல பேங்க் வேல பாத்த ஒரு அம்மாதான். 27வது எடத்துல கிளம்பி, முழு ரேஸையும் தாக்குப் பிடிச்சு 15வதா முடிச்சாங்க. டிக்கெட் விக்கத்தான் கூப்பிட்டாருன்னு சொல்றவங்க உண்டு, ஆமா, டிக்கெட் விக்கிறதுதானே அவரோட வேலை? அதுல இந்தம்மாவுக்கு ஒரு சீட் கெடைச்சுதுல்ல.

அப்புறம் 1992லயே லெஜண்ட்ஸ் கார்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க, பழைய கார் மாதிரி பாடி, எட்டுல அஞ்சு பங்கு சைஸ், உள்ள பைக் இன்ஜின். காசு நெறைய செலவாகுற விளையாட்டுல சாதாரண வீட்டுப் பசங்களும் நுழையறதுக்கு இது ஒரு வழி. பின்னாடி பெரிய ரேஸ்ல சாம்பியன் ஆன கைல் புஷ், ஜோயி லோகானோ ரெண்டு பேருமே லெஜண்ட்ஸ் ஓட்டி வந்தவங்கதான்.

ஆனா பையன்கிட்ட இதையும் மறைக்காம சொல்லுங்க. 1999 மே மாசம் அதே டிராக்குல இண்டி கார் (சக்கரம் வெளிய தெரியற ரேஸ் கார்) ரேஸ்ல விபத்துல கழண்டு பறந்த சக்கரமும் உடைசலும் கேலரிக்குள்ள விழுந்து பாக்க வந்தவங்க 3 பேர் செத்துப் போனாங்க, ரேஸையே பாதில ரத்து பண்ணாங்க. மறு வருஷம் அதே மே மாசம், ரேஸ் விட்டு ஜனம் வீட்டுக்கு போறப்ப நடைபாலம் ஒடிஞ்சு கீழ ரோட்டுல விழுந்து 107 பேருக்கு அடி. உள்ள நிரப்புன கலவைல சேத்த கெமிக்கல்னால இரும்புக் கம்பி துருப்பிடிச்சிருந்துச்சு. பாலத்த கட்டுனது வெளியாளுங்கதான், ஆனா நடந்து போன ஜனம் வீலரோட வாசல் வழியா வந்த ஜனம் இல்லையா.

படிப்ப கேட்டீங்களே, வீலர் அமெரிக்கன் ஃபுட்பால் ஸ்காலர்ஷிப்ல சவுத் கரோலினா யுனிவர்சிட்டி போய் படிச்சது ஜர்னலிசம், அப்புறம் மண்ணு டிராக்குல சின்ன சின்ன ரேஸ் நடத்தி, ஃபயர்ஸ்டோன் டயர் கம்பெனில கொஞ்ச காலம் இருந்துட்டுத்தான் ஷார்லட் வந்தார். காலேஜ் சேக்கறதுக்கு முன்னாடி உங்க ஊர்ல நடக்கற ஏதாச்சும் ஒரு மேட்ச்சுக்கு அவன வாலண்டியரா அனுப்பி விடுங்க, கூட்டம் கலையற நேரத்துல கேட்டுல நிக்கட்டும், வந்து என்ன சொல்றான்னு எனக்கு எழுதுங்க.