ஒத்தடம் வைக்குமுன்: கேள்விகளும் பதில்களும்

பாளையங்கோட்டையில் பிசியோதெரபி செய்யத் தொடங்கி இருபது வருடம் தாண்டிவிட்டது. சூடா, ஐஸா என்ற கேள்வி வராத நாள் கிடையாது. இம்முறை வந்தவற்றில் ஒன்று காத்திருக்கக் கூடாதது என்பதால் அதற்கே முதல் பதில்.

அக்காவுக்குக் கால் எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் போட்டு, போன வாரம்தான் பிரித்தோம். அந்தக் காலில் மட்டும் கெண்டைச்சதை வீங்கிக் கல் போல இருக்கிறது. வெந்நீர் ஒத்தடம் வைக்கலாமா? (களக்காடு)

வைக்காதீர்கள், நீவவும் வேண்டாம். அசையாமல் கிடந்த காலின் இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்து அடைத்திருக்கலாம். இதைப் படித்த கையோடு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ இருந்தால் 108.

கபடியில் கணுக்கால் மடங்கியது. அம்மா வெந்நீர் ஊற்றி எண்ணெய் போட்டு நீவினார். காலையில் வீக்கம் இரண்டு மடங்கு. (சேரன்மகாதேவி, கல்லூரி மாணவர்)

அம்மாவைக் கோபிக்க வேண்டாம், நம் ஊரில் பாதி வீடுகளில் இதுதான் நடக்கிறது. சுளுக்கிய இடத்தில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் கிழிந்து கசிந்துகொண்டிருக்கும். சூடு பட்டால் அவை விரியும். நீவினால் கிழிசல் கூடும். முதல் இரண்டு மூன்று நாளுக்கு வெந்நீர், எண்ணெய், நீவல் மூன்றையும் தள்ளி வையுங்கள். ஐஸை ஈரத்துணியில் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்து எடுங்கள்; அடுத்த முறைக்கு இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். வெறும் தோலில் வைத்தால் ஐஸும் புண்ணாக்கும். நாலு அடி ஊன்றி நடக்க முடியவில்லை என்றாலோ, கணுக்கால் மொழியின் பின்புறத்தை அழுத்தினால் உயிர் போகிறது என்றாலோ எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.

ஐஸ் வலியை மரக்கவைக்கும், அவ்வளவுதான், கிழிந்ததை ஒட்டவைக்காது. ஓய்வு, ஐஸ், இறுக்கக் கட்டு, காலை உயர்த்தி வைத்தல் என்ற சூத்திரத்தை 1978இல் எழுதிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கினே, ஐஸ் குணமாவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று பிற்காலத்தில் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். ஆகவே வலி அடங்கும்வரை போதும், வாரக்கணக்கில் வேண்டாம்.

அப்பாவுக்கு 68 வயது, சர்க்கரை நோய். பாதம் மதமதப்பாகவும் எரிச்சலாகவும் இருக்கிறது என்கிறார். தினமும் உப்பு ஒத்தடம் கொடுக்கலாம் என்று நினைக்கிறோம். (அம்பாசமுத்திரம்)

கூடாது. காரணத்தை என் தவறிலிருந்தே சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், இதே வயதுள்ள ஒருவருக்குக் காலில் சூட்டுப் பொதி வைத்தேன். இடையில் இரண்டு முறை கேட்டேன். இரண்டு முறையும், “இதமாக இருக்கிறது தம்பி” என்றார். எடுத்துப் பார்த்தால் உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம். அவர் பொய் சொல்லவில்லை. அந்தத் தோலுக்குச் சூடு தெரியவே இல்லை. புண் ஆற இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது, இரண்டு மாதமும் அவர் முகத்தைப் பார்த்துக் கட்டுப் போட்டேன். சூடு தாங்குகிறதா என்று மட்டும் கேட்டேனே தவிர, சூடு தெரிகிறதா என்று பார்க்கவில்லை.

அன்றிலிருந்து யாராக இருந்தாலும் முதலில் இரண்டு சோதனைக் குழாய்தான்: ஒன்றில் வெதுவெதுப்பான நீர், மற்றதில் குளிர்ந்த நீர். வீட்டில் இரண்டு எவர்சில்வர் டம்ளர் போதும். அப்பாவைக் கண்ணை மூடச் சொல்லி, மாற்றி மாற்றித் தொட்டு, எது சூடு எது குளிர் என்று கேளுங்கள். தடுமாறினால் அந்த இடத்தில் வெந்நீர்ப் பையும் கூடாது, ஐஸும் கூடாது. சரியாகச் சொன்னாலும் மதமதப்பு இருக்கும் பாதத்தில் ஒத்தடத்துக்கு நான் சம்மதிக்க மாட்டேன். அந்த எரிச்சல் நரம்பிலிருந்து வருவது. அதற்கு மருத்துவரிடம் மாத்திரை இருக்கிறது.

பீடி சுற்றுகிறேன். கழுத்தும் தோளும் இறுகிவிடுகின்றன. சூடு வைத்தால் ஒரு மணி நேரம் சுகம், பிறகு பழையபடிதான். (முக்கூடல்)

உங்களுக்குச் சூடு ஏற்றதுதான், மதினி. பதினைந்து இருபது நிமிடம் வையுங்கள். சதை இளகிய அந்த நேரத்தில் சும்மா இருந்துவிடாமல் கழுத்தை நாலு பக்கமும் திருப்பி, தோளைச் சுழற்றுங்கள். அந்த அசைவுக்காகத்தான் சூடே. வலிக்குக் காரணம் மடியிலிருக்கும் சுளகு. அதன் கீழே ஒரு தலையணை வைத்து உயர்த்துங்கள், சுவரில் சாய்ந்து உட்காருங்கள். விரல் மூட்டு சிவந்து, வீங்கி, தொட்டால் சுடுகிறது என்றால் மட்டும் சூடு வைக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

விரல் மூட்டு வலிக்கு நாங்கள் உருக்கிய மெழுகில் கையை முக்கி எடுப்பதுண்டு. யாரோ சொன்னார்கள் என்று வீட்டில் மெழுகுவத்தியை உருக்கிக் கையை முக்க வேண்டாம். நாங்கள் பயன்படுத்தும் மெழுகு எண்ணெய் கலந்தது, ஏறக்குறைய 52 டிகிரியில் நிற்பது. மெழுகுவத்தி மெழுகு உருக அதைவிடக் கூடுதல் சூடு வேண்டும்; கை வெந்துபோகும்.

ஆச்சி நொச்சி இலை, வறுத்த உப்பு என்கிறார். ரப்பர் பைதான் பாதுகாப்பு என்கிறான் மகன். யார் சொல்வது சரி? (கல்லிடைக்குறிச்சி)

நொச்சி வாசத்துக்காகவே நான் ஆச்சி கட்சி. ஆனால் வாணலியில் வறுபட்ட உப்பு கொதிநீரைவிடச் சூடாக இருக்கக்கூடும். மடித்த துணியில் முடிந்து, உங்கள் முழங்கையின் உட்புறத்தில் பத்து எண்ணும்வரை வைத்துப் பார்த்த பிறகு அடுத்தவருக்கு வையுங்கள். ரப்பர் பையிலும் கொதிக்கக் கொதிக்க ஊற்றக் கூடாது. முக்கால் பைக்குக் கீழே நிரப்பி, காற்றை வெளியேற்றி மூடி, துண்டில் சுற்றுங்கள். அதன் மேல் படுத்துத் தூங்குவது தான் பெரும்பாலான தீப்புண்ணுக்குக் காரணம் என்பது நான் பார்த்த வரை. வலித் தைலம் தடவிய இடத்தில் இரண்டுமே வேண்டாம். மாதக்கணக்கில் ஒரே இடத்தில் சூடு வைத்தால் தோலில் வலை பின்னியது போலப் பழுப்புத் தடம் விழும், கண்டால் நிறுத்திவிடுங்கள்.

தொடையில் பிளேட் வைத்திருக்கிறார்கள். கரண்ட் சூடு வைத்துக்கொள்ளலாமா? (வள்ளியூர்)

மின் அலைகளால் உடம்பின் உள்ளே சூடேற்றும் டயாதெர்மியைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். உலோகம் இருக்கும் இடத்தில் கூடாது. பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அந்த இயந்திரம் ஓடும் அறைக்குள்ளேயே வர வேண்டாம்.

பிடரி வலிக்குக் குற்றால அருவியில் நின்றால் சரியாகுமா? (தென்காசி)

வெறும் இறுக்கம் என்றால் நில்லுங்கள், நானும் நிற்பேன். கை மரத்துப்போகிறவர்கள், குளிர்ந்த நீர் பட்டால் விரல் வெளுத்துப்போகிறவர்கள், இதய நோய் உள்ளவர்கள் கரையில் இருந்து துண்டைப் பார்த்துக்கொள்ளட்டும்.