விந்தணு கவுண்ட் 9 மில்லியன்: சாப்பாட்டையும் பழக்கத்தையும் மாற்றினால் ஏறுமா?

கேள்வி: என் கணவருக்கு 34 வயது, எனக்கு 30. கல்யாணமாகி நான்கு வருடம் ஆகிறது. அவர் லாரி டிரைவர், மகாராஷ்டிரா, குஜராத் லைன் போகிறார். எனக்கு டியூப் டெஸ்ட், ஸ்கேன் எல்லாம் எடுத்தாகிவிட்டது, நார்மல். அவருக்குப் போன மாதம்தான் முதல் முறையாக டெஸ்ட் எடுத்தோம். விந்தணு கவுண்ட் 9 மில்லியன் என்று வந்திருக்கிறது. முருங்கை, பாதாம், லேகியம் என்று ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். சாப்பாடு, பழக்கம் மாற்றினால் ஏறுமா?

பதில்:

சகோதரி, ஈரோட்டுப் பக்கம் ஒரு குழந்தைப்பேறு மருத்துவமனை லேபில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். ஒரு நாளைக்கு எட்டு, பத்து சாம்பிள் என் மைக்ராஸ்கோப்புக்கு வரும். நான் டாக்டர் இல்லை, அதனால் மருந்து எதுவும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த எண் எதனால் இறங்குகிறது, எப்போது ஏறுகிறது என்பதைத் தினமும் பார்க்கிறேன். பலருக்கு ஏறியிருக்கிறது. ஆனால் உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு முதலில் கண்ணில் பட்டது சாப்பாடு இல்லை, அவர் ஓட்டும் லைன்தான்.

அதற்கு வருகிறேன். முதலில் அந்த 9 மில்லியனைப் பற்றிப் பேசிவிடலாம்.

ஒரு மில்லி லிட்டர் விந்தில் 90 லட்சம் அணுக்கள் என்று அர்த்தம். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட கையேட்டில் கீழ் எல்லை 16 மில்லியன். இந்தக் கோட்டை எப்படிப் போட்டார்கள் என்பது முக்கியம். ஒரு வருடத்துக்குள் மனைவி கருவுற்ற ஆண்களை எடுத்து வரிசைப்படுத்தி, அதில் கடைசி ஐந்து சதவீதம் பேர் தொடங்குகிற இடத்தில் போட்ட கோடு அது. அதாவது அந்தக் கோட்டுக்குக் கீழே நின்றவர்களும் அப்பாவானவர்கள்தான். 9 என்பது குறைவு. ஆனால் கதவு மூடவில்லை.

அடுத்தது, ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவுக்கு வராதீர்கள். போன வருடம் ஒருவர் டப்பாவைக் கொடுத்துவிட்டு வாசல் வரைக்கும் போய், திரும்பி வந்து, தலையைக் குனிந்துகொண்டே கேட்டார்: "சார், முதல்ல கொஞ்சம் கீழே சிந்திருச்சு. பரவாயில்லைங்களா?" அவர் கேட்டதால் பிழைத்தார். அணுக்கள் அதிகமாக வருவதே அந்த முதல் பகுதியில்தான். அது சிந்திவிட்டால் மீதியை எவ்வளவு கவனமாக எண்ணினாலும் கணக்கு தப்பு. முதலில் வந்த எண் 11. ஒரு வாரம் கழித்து ஒழுங்காகக் கொடுத்த சாம்பிளில் 30-ஐத் தாண்டியது. இப்படிச் சிந்தியதைச் சொல்லக் கூச்சப்பட்டு, தப்பான ரிப்போர்ட்டோடு வருடக்கணக்கில் அலைகிறவர்கள் எத்தனை பேரோ என்று நினைத்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். சேர்த்து வைத்தால் கவுண்ட் கூடும் என்று இருபது நாள் இடைவெளி விட்டு வருகிறவர்களும் உண்டு. இரண்டு நாளிலிருந்து ஏழு நாளுக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் அணுக்களின் ஓட்டம் குறையும்.

ஒரு அணு உருவாகி முடிய ஏறக்குறைய 74 நாள். அதன்பின் விதையை ஒட்டிச் சுருண்டிருக்கும் நீளமான குழாயில் பத்துப் பன்னிரண்டு நாள் தங்கி நீந்தப் பழகும். ஆக மொத்தம் மூன்று மாதம். போன மாதம் எடுத்த ரிப்போர்ட் அதற்கும் மூன்று மாதத்துக்கு முந்தைய உடம்பைத்தான் காட்டும். அந்தச் சமயத்தில் அவருக்கு டெங்கு, கொரோனா மாதிரி கடுமையான காய்ச்சல் வந்ததா என்று யோசித்துப் பாருங்கள். நல்ல காய்ச்சல் ஒன்று போதும், அடுத்த இரண்டு மூன்று மாதத்துக்கு எண்ணிக்கை படுத்துவிடும். பிறகு தானாகவே எழும்.

இனி லாரிக்கு வருகிறேன். விதைகள் உடம்புக்கு வெளியே தொங்குவதற்குக் காரணமே சூடு. உடம்பை விட இரண்டிலிருந்து நான்கு டிகிரி குறைவாக இருந்தால்தான் அங்கே உற்பத்தி சரியாக நடக்கும். கீழே இறங்கும் ரத்தக் குழாயைச் சுற்றிச் சிரைகள் கொடி மாதிரிப் பின்னியிருக்கும். மேலிருந்து வரும் சூடான ரத்தத்தை, கீழிருந்து திரும்பும் குளிர்ந்த ரத்தம் தணித்து அனுப்பும். நம்மூரில் உடம்புச் சூடு என்றால் வெந்தயம், நல்லெண்ணெய்க் குளியல் என்று போவோம். இது அந்தச் சூடு இல்லை, தெர்மாமீட்டரில் அளக்கிற சூடு. இரண்டு மூன்று மணி நேரம் தொடர்ந்து வண்டி ஓட்டினாலே அந்த இடத்தில் 2 டிகிரி அளவுக்கு ஏறுவதை பிரான்சில் அளந்து பார்த்திருக்கிறார்கள். அதுவும் சாதாரணக் கார். உங்கள் வீட்டுக்காரர் ரெக்சின் சீட்டில், பக்கத்தில் இன்ஜின் அனலோடு, நாளுக்குப் பத்து மணி நேரம் உட்காருகிறார். பரோட்டா மாஸ்டர், பேக்கரி அடுப்பில் நிற்பவர், வார்ப்படப் பட்டறைக்காரர், மடியில் லேப்டாப் வைத்து வேலை செய்யும் பையன் எல்லோருக்கும் இதே கதைதான்.

வேலையை விடச் சொல்லவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி ஐந்து நிமிடம் நடக்கச் சொல்லுங்கள். ரெக்சின் மேல் காற்றுப் போகிற மாதிரி மணி கோத்த சீட்டு விரிப்பு போடலாம். இறுக்கமான ஜட்டி, ஜீன்ஸுக்குப் பதில் பழைய டிரைவர்கள் மாதிரி கைலி கட்டலாம். தளர்ந்த உள்ளாடை போடுகிறவர்களுக்குக் கவுண்ட் 25 சதவீதம் அதிகம் என்று 2018-ல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் 656 ஆண்களைப் பார்த்துச் சொன்னார்கள். காசு செலவில்லாத வைத்தியம்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது, அதை யாரும் உங்களிடம் கேட்டிருக்க மாட்டார்கள். குஜராத் லைன் என்றால் போய்வர இருபது நாள்கூட ஆகும். மாதத்தில் கரு தங்க வாய்ப்புள்ளது மொத்தமே ஆறு நாள்தான்: முட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாளும். இருபத்தெட்டு நாள் சுழற்சி என்றால் அது பெரும்பாலும் ஒன்பதாம் நாளிலிருந்து பதினான்காம் நாளுக்குள் வரும். இந்த நான்கு வருடத்தில் எத்தனை மாதம் அந்த நாட்களில் அவர் வீட்டில் இருந்தார் என்று காலண்டரை எடுத்து எண்ணிப் பாருங்கள். எங்கள் லேபுக்கு வந்த சங்ககிரிக்காரர் ஒருவருக்குக் கவுண்ட் நன்றாகவே இருந்தது. இருவரும் உட்கார்ந்து எண்ணியதில் ஒரு வருடத்தில் இரண்டே மாதம்தான் நாள் பொருந்தியிருந்தது. முதலாளியிடம் பேசி ஆறு மாதம் லோக்கல் டிரிப் வாங்கினார். அவர் மனைவிக்குப் பத்து வருடம் மருந்து கொடுத்திருந்தாலும் பலன் இருந்திருக்காது.

புகையிலை. தூக்கத்தை விரட்ட பீடி, சிகரெட், வாயில் அதக்கும் தூள் என்று லைன் டிரைவர்களிடம் ஏதாவது ஒன்று இருக்கும். புகைக்காமல் மெல்லுவதால் தப்பில்லை என்று நினைக்கிறார்கள். மும்பையில் சிகிச்சைக்கு வந்த, புகையிலை மெல்லும் 638 ஆண்களை வைத்துச் செய்த ஆய்வு 2005-ல் வந்தது. மெல்லும் அளவு கூடக்கூட எண்ணிக்கை, ஓட்டம், வடிவம் மூன்றும் இறங்கியிருந்தன. குடியும் அப்படித்தான், தினசரிக் குடி என்றால் ஹார்மோனையே கெடுக்கும். இந்த இரண்டை நிறுத்தாமல் பாதாம் வாங்குவது வீண் செலவு.

சாப்பாட்டைப் பற்றி மனதில் பட்டதைச் சொல்கிறேன். முருங்கைக் கீரை நல்ல உணவு, மருந்து இல்லை. கீரை, பயறு, மீன், பழம், கொட்டை வகைகள் உள்ள சாப்பாடு அணுக்களுக்கு நல்லது. 2012-ல் அமெரிக்காவில் இளைஞர்களுக்குப் பன்னிரண்டு வாரம் தினமும் 75 கிராம் வால்நட் கொடுத்துப் பார்த்ததில் ஓட்டமும் வடிவமும் கொஞ்சம் முன்னேறின. நம் பாக்கெட்டுக்கு வேர்க்கடலையும் எள்ளும் போதும் என்பேன். ஆனால் துத்தநாகம், ஃபோலிக் ஆசிட் மாத்திரையை இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தம்பதிகளிடம் சோதித்து 2020-ல் வெளியிட்ட பெரிய ஆய்வில், மாத்திரை சாப்பிட்டவர்களுக்குக் குழந்தை அதிகம் பிறக்கவில்லை. ஒரு பொருளைச் சேர்ப்பதை விட தொப்பையைக் குறைப்பது பெரிது. கொழுப்புத் திசு ஆண் ஹார்மோனைப் பெண் ஹார்மோனாக மாற்றிவிடும். ராத்திரி ஒரு மணிக்குத் தாபாவில் எண்ணெய் மிதக்கச் சாப்பிட்டுவிட்டு உடனே ஸ்டியரிங் பிடிக்கிறவருக்குத் தொப்பையும் வரும், சர்க்கரையும் வரும். ஒரு தடவை சர்க்கரை டெஸ்ட் எடுத்துவிடுங்கள்.

லேகியம் விஷயத்தில் தயவுசெய்து ஜாக்கிரதை. 2004-ல் பாஸ்டன் நகரக் கடைகளில் விற்ற தெற்காசிய ஆயுர்வேத மருந்துகள் 70-ஐச் சோதித்தபோது 14-ல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் போன்றவை இருந்தன. ஈயம் நேரடியாக அணுக்களைக் கெடுக்கும் பொருள். லேபிள் இல்லாத டப்பாவில் வருவதை வாங்கவே வாங்காதீர்கள். முறையாகப் படித்த சித்த மருத்துவரிடம் போவது வேறு விஷயம்.

ஜிம் ஊசி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இதைப் படிக்கும் தம்பிகளுக்காகச் சொல்கிறேன். உடம்பு ஏற்ற டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டால், ரத்தத்தில் ஹார்மோன் நிறைய இருக்கிறதென்று மூளை விதைகளுக்கு வேலை கொடுப்பதை நிறுத்திவிடும். சிலை மாதிரி உடம்போடு வந்த பையன்களின் சாம்பிளில் ஸ்லைடு முழுக்கத் தேடியும் ஒரு அணு கிடைக்காமல் நான் உட்கார்ந்திருக்கிறேன். நிறுத்தினாலும் திரும்பிவர ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆகும்.

சுற்றுச்சூழலில் எனக்கு அதிகக் கவலை பூச்சிமருந்து. 1977-ல் கலிபோர்னியாவில் லாத்ராப் என்ற ஊரில் டி.பி.சி.பி என்ற புழுக்கொல்லி தயாரித்த தொழிலாளர்கள், தங்களில் பலருக்குக் குழந்தை பிறக்காததைப் பேச்சுவாக்கில் கவனித்தார்கள். சோதித்ததில் பலருக்கு அணுவே இல்லை. அந்த மருந்தைத் தடை செய்தார்கள், ஆனால் பலருக்குப் போனது போனதுதான். உங்கள் வீட்டில் தோட்டம் இருந்து, அவர் லீவில் வந்து மருந்து அடிப்பவர் என்றால் கையுறை, முகமூடி இல்லாமல் வேண்டாம். மருந்தடித்த சட்டையைத் தனியாகத் துவையுங்கள். சூடான டீ, சாம்பாரை பிளாஸ்டிக் கவரில் வாங்குவதையும் விடலாம். அதன் பாதிப்பு புகையிலை அளவுக்கு உறுதியாக நிரூபணமாகவில்லை என்றாலும், ஒரு ஸ்டீல் தூக்கு வண்டியில் இருந்தால் போதும்.

இவ்வளவும் செய்வதற்கு முன் ஆண்களின் குழந்தைப்பேறு பிரச்சினையைப் பார்க்கும் ஒரு ஆண்ட்ராலஜி அல்லது யூராலஜி டாக்டர் அவரைக் கையால் பரிசோதிக்கட்டும். மேலே சொன்ன சிரைகள் புடைத்துச் சுருண்டுகொள்வதை வேரிகோசீல் என்பார்கள். குழந்தையில்லாமல் வரும் ஆண்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் இது இருக்கிறது. நின்றபடி பரிசோதித்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். அது இருந்தால் எந்தக் கீரையும் சரிசெய்யாது, தேவைப்பட்டால் ஆபரேஷன். அந்தப் பரிசோதனைக்கு அவர் கூச்சப்பட்டால், நீங்கள் டியூப் டெஸ்டுக்குப் படுத்ததை ஒரு தடவை நினைவுபடுத்துங்கள். உங்களுக்கு 30 வயது என்பதால் மூன்று மாதம் முயன்று பார்க்க நேரம் இருக்கிறது. 35-ஐத் தாண்டியிருந்தால் காத்திருக்காமல் சிகிச்சையைக் கூடவே ஆரம்பிக்கச் சொல்லியிருப்பேன்.

அவர் புகையிலையை விட்ட தேதியைக் காலண்டரில் குறித்து, அதிலிருந்து தொண்ணூறு நாள் தள்ளி அடுத்த டெஸ்டுக்கு வாருங்கள். அதே லேபில், மூன்று நாள் இடைவெளி விட்டு. வீட்டிலிருந்து எடுத்துவந்தால் ஒரு மணி நேரத்துக்குள், டப்பாவைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒரு சொட்டுச் சிந்தினாலும் கவுண்டரில் இருப்பவரிடம் சொல்லிவிடட்டும். நாங்கள் யாரும் அதற்காகச் சிரிக்க மாட்டோம், இன்னொரு டப்பாவை எடுத்துக் கொடுப்போம்.