செக் மதுரையில், பணம் மட்டும் எப்படி வந்தது?

சென்னைக் கிளை ஒன்றின் செக்கை மதுரையில் காலையில் போட்டேன். சாயங்காலமே கணக்கில் பணம் ஏறிவிட்டது. அதற்குள் செக் எப்படிச் சென்னை போனது?
- வாசகி, மதுரை

போகவே இல்லை. நீங்கள் கொடுத்த காகிதம் இன்னும் உங்கள் வங்கியிடம்தான் இருக்கிறது, போனது அதன் படம் மட்டும். முன்பெல்லாம் செக்குகளைக் கட்டுக் கட்டாகக் கட்டி வங்கிகள் செக்குகளைக் கைமாற்றிக்கொள்ளும் கிளியரிங் ஹவுஸுக்குத் தூக்கிப் போவார்கள், வெளியூர் செக் என்றால் தபாலில் போய் வர வாரக்கணக்கில் ஆகும். சென்னையில் 2011 செப்டம்பரில் சி.டி.எஸ். என்கிற, காகிதத்துக்குப் பதில் படத்தை அனுப்பும் முறை வந்தபின் ஸ்கேன் செய்த படமும் அடியில் இருக்கும் எண்களும் போனால் போதும் என்றாகிவிட்டது. 2025 அக்டோபர் 4 முதல் இன்னும் வேகம்: பகலில் செக்குகள் ஸ்கேன் ஆக ஆக அனுப்பப்படுகின்றன, பணம் தர வேண்டிய வங்கி இரவு 7 மணிக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

செக்கின் அடியில் இருக்கும் வெள்ளைப் பட்டையைப் பாருங்கள். முதல் ஆறு இலக்கம் செக் எண். அடுத்த ஒன்பதில் முதல் மூன்று ஊர், நடு மூன்று வங்கி, கடைசி மூன்று கிளை. சென்னைக்கு 600, மதுரைக்கு 625, அதாவது உங்கள் பின்கோடின் தொடக்கமேதான். அந்த எண்கள் இரும்புத்துகள் கலந்த காந்த மையில் அச்சானவை, மெஷின் அதைத்தான் படிக்கிறது. எனவே கையெழுத்தின் வால் அந்தப் பட்டைக்குள் இறங்க வேண்டாம், சீலும் வேண்டாம், பின் அடிக்கவே வேண்டாம்.

தொகையில் ஒரு எழுத்துப் பிசகிவிட்டது. அடித்துத் திருத்திப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன், அப்படியும் செக் திரும்பிவிட்டதே?
- வாசகர், ஈரோடு

அந்தப் பழக்கமெல்லாம் பழைய காலத்தோடு சரி. படத்தைப் பார்த்துப் பாஸ் செய்கிறவருக்குத் திருத்தியது நீங்களா வேறு யாராவதா என்று எப்படித் தெரியும்? பெயரிலோ தொகையிலோ கை வைத்தால் செல்லாது, இன்னொரு செக் கிழியுங்கள். அப்புறம், செக்கில் போட்ட தேதியிலிருந்து மூன்றே மாதம்தான் ஆயுள். ஆறு மாதம் என்பது 2012 ஏப்ரலோடு போயிற்று.

அண்ணன் ஃபைனான்ஸில் கடன் வாங்கியபோது கையெழுத்து மட்டும் போட்ட மூன்று செக் கொடுத்தார். கடன் அடைந்துவிட்டது, செக் திரும்பி வரவில்லை. பயப்பட வேண்டுமா?
- வாசகி, திருவாரூர்

கொஞ்சம் பயப்படத்தான் வேண்டும். "எழுதாத செக்தானே, என்ன செய்துவிடுவார்கள்" என்று நம்மில் பலர் நினைக்கிறோம், ஆனால் மனமறிந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வெற்று செக்கை வேறொருவர் நிரப்பியிருந்தாலும் கடனுக்காகக் கொடுத்ததாகவே சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும் என்று 2019இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. இல்லை என்று நிரூபிக்கும் வேலை அண்ணன் தலையில் விழும். இந்த வாரமே அடிக்கட்டையைப் பார்த்து மூன்று செக் எண்களையும் குறித்துக்கொண்டு போய் வங்கியில் ஸ்டாப் பேமென்ட், அதாவது இந்தச் செக்குகளுக்குப் பணம் தராதீர்கள் என்று எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். ஃபைனான்ஸுக்கு ஸ்பீட் போஸ்ட்டில், போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியோடு, செக்குகளைத் திருப்பித் தரச் சொல்லி ஒரு கடிதம். கடன் முடிந்த ரசீதைப் பத்திரமாக வையுங்கள், கேஸ் வந்தால் அதுதான் காப்பாற்றும்.

ஒருவேளை செக்கைப் போட்டு அது பவுன்ஸ் ஆகி, முப்பது நாளுக்குள் நோட்டீஸ் வந்தால் வாங்க மறுக்காதீர்கள். கையில் கிடைத்த பதினைந்து நாளுக்குள் வக்கீலைப் பார்த்துப் பதில் அனுப்பிவிடுங்கள். மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆவது பிரிவில் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது செக் தொகையின் இரு மடங்கு வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

செக்கைத் தமிழில் எழுதினால் வாங்குவார்களா?
- வாசகர், தென்காசி

தாராளமாக. இந்தி, ஆங்கிலம் மாதிரியே அந்தந்த மாநில மொழிக்கும் ரிசர்வ் வங்கி இடம் கொடுத்திருக்கிறது. "பன்னிரண்டாயிரம் மட்டும்" என்று எழுதிவிட்டு மிச்ச இடத்தில் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். கவுண்டரில் யாராவது முகம் சுளித்தால் மேனேஜரைக் கேளுங்கள்.