அறுபதுகளில் கட்டிய வீடு: எஸ்டிமேட்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன்

கேள்வி: பண்டாரவளையில் 1962இல் கட்டிய வீடு ஒன்றை வாங்கியிருக்கிறோம். ஒரு பக்கம் கருங்கல் சுவர், இரும்பு ஜன்னல்கள், சிவப்பு சீமெந்துத் தரை, விறாந்தையில் துளை வைத்த சீமெந்துக் கற்கள், போர்ட்டிகோவுக்கு மேலே தட்டையான கொங்கிரீட் கூரை. கூரை ஒழுகுகிறது. ஜன்னலுக்கு அலுமினியம், தரைக்கு டைல்ஸ், துளைக் கற்களை அடைத்துப் பூச்சு, கூரைக்கு மேல் அமானோ தகடு என்று கொந்தராத்துக்காரர் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தொகை எழுதித் தந்திருக்கிறார். மகனும் அதையே செய்யச் சொல்கிறான். எனக்குத்தான் மனம் வரவில்லை. — வாசகி, பண்டாரவளை

பதில்: மனம் வராதது நல்லதற்குத்தான். அந்த எஸ்டிமேட்டை அப்படியே வைத்துவிடுங்கள். அதில் உள்ள வேலைகளில் பாதிக்கு மேல் உங்களுக்குத் தேவையில்லாதவை. தேவையான இரண்டு அதில் இல்லவே இல்லை.

உங்கள் வீடு சும்மா ஒரு பழைய வீடு அல்ல, அந்தக் காலத்து நவீனக் கட்டடக்கலையின் சாயல் அதில் இருக்கிறது. நம் நாட்டுக் கட்டடக் கலைஞர் மினெட் டி சில்வா கண்டியில் 1949 முதல் 1951 வரை கட்டிய கருணாரத்ன வீட்டில் நவீனக் கட்டடக்கலையையும் நம் நாட்டுக் கைவினையையும் ஒன்றாகச் சேர்த்தார். கதவுகளில் தும்பறைப் பாய் என்னும் கைநெசவைக்கூடப் பயன்படுத்தினார். உங்கள் ஊரிலேயே நல்லாயன் கன்னியர் மடத்தின் சிற்றாலயம் இருக்கிறது. கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் அலுவலகம் அறுபதுகளின் தொடக்கத்தில் வடிவமைத்தது. ஒருமுறை போய் அதன் கருங்கல் சுவர்களைப் பார்த்துவிட்டு வாருங்கள், மகனையும் கூட்டிக்கொண்டு. அந்தக் காலத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்தது. உள்ளூர்க் கல்லையும் மரத்தையும் சீமெந்தையும் வைத்தே அழகாகக் கட்டப் பழகியிருந்தார்கள். அந்த வேலைப்பாட்டை உடைத்தெறிந்தால் திரும்ப எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

முதலில் ஜன்னல். ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து ஒவ்வொரு ஜன்னலின் அடிச் சட்டத்திலும் அழுத்திப் பாருங்கள். மழைத் தண்ணீர் தேங்குவது அங்கேதான், துருவும் அங்கேதான் தொடங்கும். முனை உள்ளே இறங்காவிட்டால் அந்த ஜன்னல் இன்னும் பல வருடம் உழைக்கும். இறங்கினால் அந்தத் துண்டை மட்டும் வெட்டி, அதே அளவில் புது இரும்பு வைத்து ஒட்டித் தர நல்ல வெல்டிங் கடையால் முடியும். துருவைச் சுரண்டி, துத்தநாகம் கலந்த பிரைமர் அடித்து, புதுப் புட்டி வைத்து எனாமல் பூசினால் போதும். ஒரு கவனம்: பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும். நம் நாட்டில் பெயின்ட்டில் ஈயத்துக்கு வரம்பு நடைமுறைக்கு வந்ததே 2013இல்தான். ஆகவே தண்ணீர் தொட்டுத்தான் தேய்க்க வேண்டும், பிள்ளைகளை அந்தப் பக்கம் விடக்கூடாது. பெயின்ட்டுக்கு அடியில் கைப்பிடியும் கொளுவியும் பித்தளையாக இருக்கலாம். பழைய இரும்புக்காரரிடம் போய்ச் சேருவதற்குள் சுரண்டிப் பாருங்கள்.

தரையை டைல்ஸால் மூடினால் எல்லாக் கதவுக்கும் அடி வெட்ட வேண்டும், படிகளின் உயரமும் மாறிப்போகும். தரையின் பளபளப்பு செத்துக் கிடப்பது பல வருட மெழுகும் அழுக்கும் படிந்ததால்தான். மெழுகைக் கழுவி எடுத்து, நன்றாகக் காயவிட்டு, சிவப்புப் பொலிஷ் பூசி, பாதியாய் வெட்டிய தேங்காய் மட்டையால் தேய்த்துப் பாருங்கள். அசிட் ஊற்றச் சொன்னால் கேட்காதீர்கள், சீமெந்தை அது அரித்துவிடும். வெடித்த இடத்தைச் சிவப்பு ஒக்சைட் கலந்து ஒட்டலாம். மேசன் பாஸை முதலில் ஒரு மூலையில் கையளவு போடச் சொல்லி, காய்ந்த பிறகு நிறம் பாருங்கள். ஒட்டுப் போட்ட இடம் கொஞ்சம் தெரியத்தான் செய்யும். தெரியட்டும்.

துளைக் கற்களை அடைக்கவே வேண்டாம். நம் ஊர்ப் பனிக்கும் மழைக்கும் காற்று ஓடாத வீட்டில் சுவர் முழுக்கப் பூஞ்சணம் பிடிக்கும். குளிர் தாங்கவில்லை என்றால் உள்பக்கம் கழற்றி மாட்டக்கூடிய கண்ணாடிச் சட்டம் போடுங்கள்.

இப்போது காசு போக வேண்டிய இடத்துக்கு வருவோம். கொங்கிரீட் கூரையின் அடிப்பக்கத்தைச் சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள். பொள்ளெனச் சத்தம் வந்தாலோ துருக்கறை தெரிந்தாலோ உள்ளே கம்பி துருப்பிடித்து வீங்கிக் கொங்கிரீட்டைத் தள்ளுகிறது என்று அர்த்தம். அந்த இடத்தை உடைத்து, கம்பியைச் சுத்தம் செய்து, திரும்பப் பூசிய பிறகுதான் மேலே நீர்க்காப்புப் பூச்சு. அதற்கு முன் தகட்டைப் போட்டு மூடினால் நோய் உள்ளே வளரும், உங்கள் கண்ணுக்குத் தெரியாது. பெரிய சேதம் தெரிந்தால் பொறியியலாளர் ஒருவரிடம் காட்டாமல் தொடாதீர்கள்.

அடுத்தது வயரிங். எஸ்டிமேட்டில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை என்பதுதான் எனக்குக் கோபம். அந்தக் கால வீடுகளில் ரப்பர் உறை போட்ட வயர் இன்னும் இருக்கலாம், எர்த் இல்லாமலும் இருக்கலாம். உருண்டை முள் பிளக்குகளும் இருக்கும். 2016இல் 13 அம்பியர் சதுர முள் பிளக்கைத்தான் நாட்டின் ஒரே தரமாக ஏற்றார்கள். வயரை முழுதாக மாற்றி, ட்ரிப் சுவிட்ச் போடுங்கள். பழைய சுவிட்சுகளின் இடம் மட்டும் அப்படியே இருக்கட்டும், சுவரை அநாவசியமாகக் கொத்த வேண்டியிராது.

கார் நிறுத்தச் சரிவை வெட்டும் யோசனை இருந்தால், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கையும் உள்ளூராட்சி சபையின் அனுமதியும் இல்லாமல் மண்வெட்டி வைக்கக்கூடாது.

புது எஸ்டிமேட் கேளுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் தனி விலை, பொருளின் பெயரும் அளவும், அப்புறம் 'கழற்றக்கூடாதவை' என்று ஒரு பட்டியல். கூரை வேலைக்கான கடைசித் தவணையை ஐப்பசி மழை ஒன்று பெய்து முடிந்த பிறகு தருவதாக எழுத்தில் போடுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டுக் கூரை பழைய அஸ்பெஸ்டஸ். பாசி பிடித்திருக்கிறது. கழுவிப் பெயின்ட் அடிக்கலாமா, கழற்ற வேண்டுமா? — வாசகர், ஹட்டன்

பதில்: அஸ்பெஸ்டஸ் நார் மூச்சில் போனால் புற்றுநோய் வரக்கூடும். நீல அஸ்பெஸ்டஸை 1987இலேயே இங்கே தடை செய்தார்கள். வெள்ளை வகையை 2018 முதல் நிறுத்த இருந்த திட்டம், 2017 டிசம்பரில் அந்த அஸ்பெஸ்டஸை நமக்கு விற்கும் ரஷ்யா நம் தேயிலையை நிறுத்தி வைத்ததோடு பின்வாங்கப்பட்டது. நம் மக்கள் கொழுந்து பறித்து அனுப்பும் தேயிலைக்கு நம் தலைக்கு மேலுள்ள கூரையே விலையானது வேதனை.

உடையாத தகடு உடனே ஆபத்தில்லை. ஆபத்து அதைத் தேய்ப்பதிலும் துளைப்பதிலும் அறுப்பதிலும்தான். பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், பிரஷர் மெஷினால் அடிக்கவும் விடாதீர்கள். வெடித்திருந்தால் கழற்றத்தான் வேண்டும்: நனைத்து, உடைக்காமல் முழுத் தகடாக, நல்ல முகக்கவசத்தோடு. ஓடு போட ஆசையென்றால் பாரத்தைச் சட்டம் தாங்குமா என்று முதலில் பாருங்கள். தகட்டுக்குப் போட்ட சட்டம் பெரும்பாலும் தாங்காது.

கேள்வி: பழைய மரச்சாமான் கடையில் தேக்கு என்று இரண்டு கதவு வாங்கினேன். பெயின்ட்டைச் சுரண்டினால் தேக்கே இல்லை என்கிறார் தச்சு பாஸ். பில்லில் 'கதவு 2' என்று மட்டும்தான் இருக்கிறது. — வாசகர், நாவலப்பிட்டி

பதில்: பொய் சொல்லி விற்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி குற்றம். வாங்கி மூன்று மாதத்துக்குள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிட வேண்டும், ஆகவே நாளைக் கடத்தாதீர்கள். 1977க்கு அழைத்தும் விவரம் கேட்கலாம். சுரண்டிய இடத்தைப் படம் எடுங்கள், தச்சு பாஸிடம் எழுதி வாங்குங்கள், கடைக்காரர் தேக்கு என்று அனுப்பிய மெசேஜ் இருந்தால் அழிக்காதீர்கள். மிச்சக் கதவுகளை வாங்கும்போது, காசு கொடுப்பதற்கு முன் ஓரத்தில் ஒரு விரல் அகலம் சுரண்டிப் பார்க்க விடச் சொல்லுங்கள். பில்லில் மரத்தின் பெயர் எழுத மறுக்கும் கடையில் வாங்கவே வேண்டாம்.