வாசகர் கேள்வி – பதில்: ஐந்து கிலோமீட்டர் ஆழத்தில் கனிமக் கணக்கெடுப்பு

கேள்வி: கப்பலில் இருந்தபடியே ஒலியலைகளை அனுப்பிக் கடலடியை வரைபடமாக்க முடியும் என்று படித்திருக்கிறேன். அப்படியிருக்க, கனிமம் தேடுவதற்கு ரோபோவைக் கீழே இறக்குவது ஏன்? (தூத்துக்குடி வாசகர்)

பதில்: வரைபடமாக்க முடியும் என்பது உண்மைதான், எவ்வளவு நுணுக்கமாக என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. கப்பலின் அடியில் பொருத்தப்படும் எதிரொலிக் கருவியிலிருந்து ஒரு பாகை அகலத்தில் புறப்படும் ஒலிக்கற்றை, 5,000 மீட்டர் கீழே தரையைத் தொடும்போது ஏறக்குறைய 87 மீட்டர் அகலத்துக்கு விரிந்துவிடுகிறது. மத்திய இந்தியப் பெருங்கடல் படுகையில் இந்தியா தேடும் பல்லுலோக முடிச்சுகளோ (மாங்கனீஸ், நிக்கல் போன்ற பல உலோகங்கள் அடங்கிய கட்டிகள்) உருளைக்கிழங்கு அளவே இருப்பவை. ஆகவே மலை, பள்ளத்தாக்கு, சமவெளி ஆகியவற்றைக் கப்பல் காட்டிவிடும். முடிச்சுகளை ஒவ்வொன்றாகக் காண வேண்டுமானால் தரைக்குச் சில மீட்டர் உயரத்தில் விளக்கையும் கேமராவையும் கொண்டுசெல்வதைத் தவிர வேறு வழியில்லை.

சென்னை பள்ளிக்கரணையில் இயங்கும் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகம் 2022 டிசம்பரில் அதைத்தான் செய்தது. 'சாகர் நிதி' கப்பலிலிருந்து இறக்கப்பட்ட 'ஓஎம்இ 6000' என்ற தானியங்கி நீர்மூழ்கி 5,271 மீட்டர் ஆழத்தில் 14 சதுர கிலோமீட்டர் பரப்பை ஆய்வு செய்தது. ஜமைக்காவின் கிங்ஸ்டனில் உள்ள சர்வதேச கடற்படுகை ஆணையத்துடன் 2002இல் செய்துகொண்ட ஒப்பந்தப்படி இந்தியாவிடம் இருப்பது 75,000 சதுர கிலோமீட்டர். அதில் இது ஐயாயிரத்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. எனவே கப்பலின் வேலை முடிந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். எங்கே இறங்குவது என்பதைக் கப்பல் எடுத்த வரைபடமே இன்றும் தீர்மானிக்கிறது.

கேள்வி: கடலுக்கடியில் ஜிபிஎஸ் கிடையாது. ரோபோ வழி தவறாமல் செல்வது எப்படி? மேலிருந்து ஒருவர் அதை ஓட்டுகிறாரா? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: இருவகை ரோபோக்கள் உண்டு. கம்பிவடத்தால் கப்பலோடு இணைக்கப்பட்ட வகையை மேலே அமர்ந்திருப்பவரே ஓட்டுகிறார். அதே கழகத்தின் 'ரோசப் 6000' அவ்வகையைச் சேர்ந்தது, 2010இல் 5,289 மீட்டர் வரை சென்றது. வடமில்லாத தானியங்கி வகையோ, இறக்குவதற்கு முன்பே நினைவகத்தில் பதிக்கப்பட்ட பாதையில் தானாகவே செல்கிறது.

வானொலி அலைகளைக் கடல்நீர் உறிஞ்சிவிடுவதால் தொடர்புக்கு ஒலி மட்டுமே மிஞ்சுகிறது. நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் செல்வதால், ஐந்து கிலோமீட்டர் கீழிருந்து ஒரு செய்தி மேலே வர மூன்று நொடிக்கு மேல் பிடிக்கும். அந்த வழியில் அனுப்பக்கூடிய தகவலும் மிகச் சொற்பம். எனவே படங்களை உடனுக்குடன் பார்க்க இயலாது, ரோபோவைக் கப்பலில் ஏற்றிய பிறகே அவை கிடைக்கின்றன. தன் அசைவை உணர்ந்து இருப்பிடத்தைக் கணக்கிடும் கருவியும், தரையில் பட்டுத் திரும்பும் ஒலியிலிருந்து வேகத்தை அளக்கும் டாப்ளர் கருவியும் அதற்கு வழிகாட்டுகின்றன. ஆனால் இறங்கும் வழியில் பெரும்பகுதித் தொலைவுக்குத் தரை டாப்ளர் கருவிக்கு எட்டாது. நீரோட்டம் தள்ளிக்கொண்டு போவதால் சேரும் பிழையை, கப்பலிலிருந்து ஒலி மூலம் அதன் இடத்தை அளந்து திருத்துகிறார்கள். என்னைக் கேட்டால், ஐந்நூறு வளிமண்டல அழுத்தத்தைத் தாங்கும் உடலைக் கட்டுவதற்கு நிகரான சவால் இந்த வழிகாட்டுதல்தான்.

கேள்வி: நம் ஒப்பந்தப் பகுதியில் 38 கோடி டன் முடிச்சுகள் உண்டு என்கிறார்களே, இந்தப் படங்களை எண்ணித்தான் அதைச் சொன்னார்களா? (திருச்சி வாசகர்)

பதில்: இல்லை. 1981இல் 'கவேஷணி' கப்பல் முதல் முடிச்சுகளை எடுத்ததிலிருந்து பல்லாண்டுகள் கடலடியில் மாதிரிகளை அள்ளி, எடைபோட்டு, வேதியியல் ஆய்வு செய்து வந்த மதிப்பீடு அது. அதில் மாங்கனீஸ் 9 கோடி டன்னுக்கு மேல், ஆயினும் ஆர்வத்துக்குக் காரணம் நிக்கல் (சுமார் 47 லட்சம் டன்), தாமிரம் (சுமார் 43 லட்சம் டன்), கோபால்ட் (சுமார் 5.5 லட்சம் டன்) ஆகியவையே. படம் மட்டும் போதாது என்பதற்குக் காரணமும் எளியது: சேற்றில் பாதி புதைந்த முடிச்சின் மேற்பகுதி மட்டுமே கேமராவுக்குத் தெரியும், முழுதும் புதைந்தது தெரியவே தெரியாது. பெட்டி வடிவக் கருவியால் சேற்றோடு வெட்டியெடுத்த மாதிரியில் சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ என்று அளந்து, அதனுடன் ஒப்பிட்டால்தான் படத்தை எடையாக மாற்ற முடியும். மாதிரி எடுத்த இரு புள்ளிகளுக்கு இடையே என்ன இருக்கிறது என்ற கேள்விக்குத்தான் ரோபோ விடை தருகிறது.

கேள்வி: கடலடி வெந்நீர் ஊற்றுகளையும் இப்படித்தான் தேடுகிறார்களா? (சேலம் வாசகர்)

பதில்: முறை வேறு. ஊற்றிலிருந்து எழும் கலங்கிய வெந்நீர் நெடுந்தொலைவு பரவுவதால், வெப்பநிலை, கலங்கல், வேதிப்பண்பு ஆகியவற்றில் தோன்றும் சிறு மாற்றங்களை முதலில் பிடித்து, அவை வலுக்கும் திசையில் படிப்படியாகப் பரப்பைச் சுருக்கி, இறுதியில்தான் படம் எடுக்கிறார்கள். 2024 டிசம்பரில் தெற்கு இந்தியப் பெருங்கடலில் ஏறக்குறைய 4,500 மீட்டர் ஆழத்தில் ஓர் ஊற்று இந்தியாவின் தானியங்கி நீர்மூழ்கியால் படமாக்கப்பட்டது. கோவாவின் தேசியத் துருவ மற்றும் பெருங்கடல் ஆராய்ச்சி மையம் அப்பணியில் இணைந்திருந்தது. இத்தகைய ஊற்றுகளைச் சுற்றிப் படியும் சல்பைடு தாதுக்களுக்கென (கந்தகத்தோடு சேர்ந்த உலோகத் தாதுக்கள்) 2016இல் செய்த தனி ஒப்பந்தமும், முடிச்சுகளுக்கான ஒப்பந்தமும் தேடலுக்கு மட்டுமே உரிமை தருகின்றன, தோண்டுவதற்கு அல்ல.