வீட்டளவில் மேப்பிள் பாகு காய்ச்சக் கொட்டில்: எந்த அளவில், எப்படிக் கட்டுவது?

கேள்வி: ஒன்ராறியோவில் பீற்றர்பரோவுக்கு அருகே எங்களுக்குள்ள காணியில் வளர்ந்த சீனி மேப்பிள் மரங்கள் ஏறத்தாழ 60 நிற்கின்றன. சென்ற வசந்தத்தில் வெளியே கல் அடுக்கித் தீ மூட்டிக் காய்ச்சியபோது பாகில் சாம்பலும் புகை மணமும் ஏறிவிட்டன. 8 அடிக்கு 10 அடி அளவுள்ள தோட்டக் கொட்டில் ஒன்று வெறுமனே கிடக்கிறது. அதற்குள் அடுப்பை வைத்துக் காய்ச்சலாமா, புதிதாகக் கட்ட வேண்டுமா?

பதில்: அந்தக் கொட்டிலை விறகு அடுக்க வைத்துக்கொண்டு, காய்ச்சுவதற்குப் புதிதாகக் கட்டுங்கள். சீனி மேப்பிளின் சாற்றில் சர்க்கரை ஏறத்தாழ 2 விழுக்காடுதான் இருக்கும். அது 66 விழுக்காட்டுக்கு ஏறினால்தான் பாகு. ஆகவே ஒரு லீற்றர் பாகுக்கு ஏறத்தாழ 40 லீற்றர் சாறு வேண்டும்; மீதி 39 லீற்றரும் நீராவியாகக் கூரையைத் தாண்டி வெளியேற வேண்டும். தாழ்ந்த, மூடிய கொட்டிலில் அந்த ஆவி கூரையில் குளிர்ந்து, அழுக்கோடு மறுபடியும் தட்டிலேயே சொட்டும். பலகைகளும் பூஞ்சணம் பிடித்து உக்கிப்போகும். (வீட்டுச் சமையலறையில் காய்ச்சிச் சுவர்த்தாள் கழன்று விழுந்தவர்கள் இங்கே பலர் உண்டு.)

கட்டடத்துக்கு முன்பாகக் காய்ச்சும் தட்டின் அளவை முடிவு செய்யுங்கள். நெஞ்சளவு உயரத்தில் 25 சென்ரிமீற்றர் விட்டத்துக்குக் குறையாத மரங்களில், சாறு வடிய மரத்துக்கு ஒரு துளை என்று வைத்தால், நன்றாகச் சாறு ஓடும் நாளில் உங்களுக்கு 300 லீற்றர் வரை சேரக்கூடும். 2 அடிக்கு 4 அடி அளவுள்ள தட்டையான தட்டு மணிக்கு ஏறத்தாழ 30 லீற்றர் நீரை ஆவியாக்கும். அதாவது, பத்து மணி நேர வேலை. அடிப்பகுதி மடிப்பு மடிப்பாக அமைந்த தட்டானால் தீ படும் பரப்பு கூடுவதால் நேரம் கணிசமாகக் குறையும். வெப்பமான நாளில் சாறு விரைவில் கெடும் என்பதால் சேர்ந்த அன்றே காய்ச்சிவிடுவது நல்லது. மலிவாகக் கிடைக்கிறது என்று ஈயப் பற்றாசு வைத்த பழைய தட்டையோ நாகம் பூசிய தகரத் தட்டையோ வாங்காதீர்கள். ஈயம் பாகில் கலக்கும். உணவுக்கு ஏற்ற துருப்பிடிக்காத உருக்கே வேண்டும்.

அந்தத் தட்டைச் சுற்றி மூன்று பக்கமும் 4 அடியும், விறகு போடும் வாசற்பக்கம் 6 அடியும் விட்டால் 10 அடிக்கு 14 அடி வரும். இதற்குக் குறைக்க வேண்டாம். கூரை முகட்டில், தட்டுக்கு நேர் மேலே, குறைந்தது தட்டின் அளவுக்காவது திறப்பு விட்டு, அதன் மேல் சிறு கூரை எழுப்பி, கீழிருந்து கயிற்றால் திறந்து மூடும் கதவுகளை இரு பக்கமும் பொருத்துங்கள். பலர் இதைச் செய்துவிட்டுச் சுவரின் அடியில் காற்று வர வழி விட மறந்துவிடுகிறார்கள். கீழே காற்று நுழையாவிட்டால் ஆவியும் மேலே செல்லாது, தீயும் எரியாது. தரை, வடிகாலை நோக்கிச் சற்றுச் சரிந்த சீமெந்துத் தரையாக இருக்கட்டும். அடுப்பின் உட்புறம் தீச்செங்கல் வேண்டும். புகைபோக்கி கூரையைத் துளைக்கும் இடத்தில் மரச்சட்டம் வெப்பம் படாதபடி விலகி நிற்க வேண்டும். மாநகரசபை அனுமதியையும் காப்புறுதி நிறுவனத்தின் சம்மதத்தையும் அத்திவாரத்துக்கு முன்பே பெறுங்கள்.

மரங்களுக்குக் கீழ்ச் சரிவில் இடம் கிடைத்தால் சாறு தானாகவே வந்து சேரும். சாற்றுத் தொட்டியை வெயில் படாத வடக்குப் பக்கத்தில், தட்டைவிட உயரமாக வையுங்கள்.

துளைக்கு ஒரு லீற்றர் என்று பார்த்தால் பருவத்துக்கு 60 லீற்றர் பாகு கிடைக்கும். அதற்கு ஒரு முழுக் கோர்ட் விறகு, அதாவது 128 கன அடி, ஒரு வருடம் உலர்ந்து மணிக்கட்டுத் தடிப்பில் பிளந்ததாக, கைவசம் இருக்கட்டும். தட்டில் சாறு இரண்டு அங்குலத்துக்குக் கீழே இறங்கினால் சில நிமிடங்களில் கருகிவிடும். தீ எரியும்போது ஒருவர் அருகிலேயே நிற்க வேண்டும். அன்றைய தண்ணீர் கொதிநிலைக்கு மேல் 4 பாகை செல்சியஸ் ஏறும்போது பாகு பதமாகும். இந்தக் கடைசிக் கட்டத்தைச் சிறு பாத்திரத்தில் எரிவாயு அடுப்பில் முடிப்பது பாதுகாப்பானது.

நிலம் உறையுமுன் சீமெந்து வேலையை முடித்துவிடுங்கள். சாறு ஓடத் தொடங்குவதற்கு முன், பெப்ரவரி நடுப்பகுதியில், வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆவி முகட்டுக் கதவால் நேராக வெளியேறுகிறதா, கூரையில் எங்கேனும் துளி கட்டுகிறதா என்று பாருங்கள். திறப்பைப் பெருப்பிக்க அப்போது அவகாசம் இருக்கும்.